பெண்டிழந்தான் சுழி

தில்லை நகரில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்போம். கடைக்குப் பெயர் அழகம்மாள் டிஜிட்டல்ஸ். அழகம்மாள் என் மாமியார். தன் பெயரை வைத்தால்தான் வீட்டின் முன்பக்க ரூமைக் கடைக்குத் தருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார், வைத்துத் தொலைத்தேன். இது அவரைப் பற்றிய கதை அல்ல. என் கடையில் டிசைனராக இருக்கும் இளவேனிலைப் பற்றியது. உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனை மாடாகப் பிறக்க வைத்து, சந்தை சந்தையாக ஓட்டி, ஒருத்தரும் வாங்காமல் நிற்க வைத்தாளே, அவள்.

'பழி வாங்குறதெல்லாம் நல்லதா?' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. நான் அவள் பக்கம். கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள்.

இளவேனிலுக்கு மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா மருதை மாட்டுச் சந்தையில் தரகர். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கிற ஆள். ஒரு காளையை வாங்கித் தருவதென்றால் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் சுழி பார்ப்பார். மாட்டின் மேல் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்பதை வைத்து அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள். நல்ல சுழி இருந்தால் விலை ஏறும். கெட்ட சுழி இருந்தால் எப்பேர்ப்பட்ட மாட்டையும் சீண்ட ஆள் இருக்காது.

அந்தக் கெட்ட சுழிகளில் ஒன்றுக்குப் பெயர் பெண்டிழந்தான் சுழி. அந்தச் சுழி உள்ள மாட்டைக் கட்டி வைத்திருப்பவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பானாம். அது மாட்டு உடம்பில் எந்த இடத்தில் இருக்கும் என்பதில் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மாட்டுக்கு முடி சுழித்துக்கொண்டால் ஒருத்தி எதற்குச் சாக வேண்டும்? புருஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாவிட்டால் சாவாள்.

அப்படித்தான் செத்தாள் பவித்ரா, இளவேனிலின் அக்கா.

பவித்ராவை ஸ்ரீரங்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ரெங்கராஜ். அரசாங்க வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை. காளைக்கு அத்தனை சோதனை போடுகிற மருதை, மாப்பிள்ளைக்கு வேலையை மட்டும் பார்த்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் நலுங்கு வைக்கும்போது, மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வைத்த அத்தை ஒருத்தி முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏய், மாப்பிள்ளைக்கு ரெட்டைச் சுழிடி! ரெண்டு கல்யாணம்!" என்று கத்தினாள். நம் பக்கத்தில் ரெட்டைச் சுழியைக் கண்டால் எல்லோரும் சொல்வதுதான் அது. கூடம் முழுக்கச் சிரிப்பு. மருதையும் சிரித்தார். பவித்ரா மட்டும் சட்டென்று, "ரெண்டாவதையும் நானே பண்ணிக்கிறேன் அத்தை" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. இதை இளவேனில் என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

ரெங்கராஜ் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. அதனால் அவனை நல்லவன் என்றே தெரு முழுக்கச் சொல்லும். பவித்ரா அம்மா வீட்டுக்குப் போன் பேசினால் அவனுக்குப் பிடிக்காது. எப்போது பார்த்தாலும் அம்மா, அம்மா என்று என்ன பேச்சு என்று போனைப் பிடுங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டுவான். வேலைக்குப் போகும்போது சாவி அவன் சட்டைப் பையில் போகும். தலைவலி என்றால் நடிப்பு, வயிற்றுவலி என்றால் நடிப்பு, அழுதால் அதைவிடப் பெரிய நடிப்பு. அவன் அம்மா பவுனம்மாள், "ஊரு உலகத்துல இல்லாத உடம்பு" என்று பின்பாட்டுப் பாடுவார்.

ஒரு ஐப்பசி மழையில் பவித்ராவுக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை படுத்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது செவ்வாய்க்கிழமை. டெங்கு. போன் பீரோவுக்குள் இருந்ததால் மணப்பாறைக்கு ஒரு வார்த்தை போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸ் நம்பர் கேட்டு வாங்கிக் கூப்பிட்ட பிறகுதான் இளவேனில் என் கடையிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது வராண்டாவில் டாக்டர் ரெங்கராஜைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாள் வீட்ல வச்சு என்ன பண்ணீங்க? ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரல?"

"நடிக்கிறாளாக்கும்னு நெனச்சேன் சார்" என்றான் அவன்.

அன்று சாயங்காலம் பவித்ரா போய்விட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் செத்தால் விசாரணை உண்டல்லவா, அதுவும் நடந்தது. அடித்த காயம் இல்லை, வரதட்சணைப் பேச்சு இல்லை, காய்ச்சலில் செத்தவளுக்கு என்ன கேஸ் போடுவது என்று முடித்துவிட்டார்கள். வெளியே வந்த ரெங்கராஜைப் பார்த்து நாலு பேர், "பாவம் தம்பி, இந்த வயசுல" என்று தோளைத் தட்டினார்கள். அந்தத் தோளை இளவேனில் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. மருதை அதன் பிறகு சந்தைப் பக்கமே போகவில்லை.

வருஷத் திதிகூட வரவில்லை, அவனுக்கு மறுபடியும் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண் மணப்பாறைப் பக்கத்திலேயே அமைந்தது. பெண்ணின் அப்பா பிச்சமுத்து. பத்துப் பன்னிரண்டு உருப்படி மாடு வைத்திருக்கிற விவசாயி, மருதையிடமே காளை வாங்கியவர். மகள் ஆனந்தவள்ளி காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் இளவேனில் லீவு போட்டுவிட்டு பிச்சமுத்து வீட்டுக்கே போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் காப்பி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஒன்னோட கஷ்டம் புரியுதும்மா. கூடப் பொறந்தவளப் பறிகொடுத்தா யாரையாச்சும் குத்தம் சொல்லத்தான் தோணும். டெங்கு வந்து எத்தனையோ பேரு போயிட்டாங்க. அதுக்கு அந்தத் தம்பி என்ன பண்ணும்?" என்றார். உள்ளே கதவோரம் ஆனந்தவள்ளி நின்று கேட்டாளாம்.

மறுநாள் கடைக்கு வந்த இளவேனில், "அக்கா, வாயால சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க" என்றாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மாட்டை வரைந்தாள்.

மாடு வரைவது அவளுக்குப் புதிதல்ல. சந்தையில் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டு மாட்டுச் சாணியிலேயே மாடு வரைந்து வளர்ந்தவள். ஆனால் இந்த மாட்டை வரையும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். 'மாப்பிள்ளைக் காளை' என்று பெயர் வைத்து இன்ஸ்டாகிராமில் வாராவாரம் போட ஆரம்பித்தாள்.

கதை இதுதான். ஒருத்தன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து சாகிறான். கண்ணை விழித்தால் ஒரு தொழுவத்தில் கன்றுக்குட்டியாகக் கிடக்கிறான். காப்பி கொண்டு வா என்று அதட்ட வாயைத் திறக்கிறான், 'அம்மா' என்று வருகிறது. என் சட்டை எங்கே என்று கத்துகிறான், அதற்கும் 'அம்மா'. எந்த வார்த்தைக்காகப் பெண்டாட்டியின் போனைப் பூட்டி வைத்தானோ அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் ஆயுசு முழுக்க அவன் வாயில் வராது. பழைய ஜென்மம் மட்டும் அப்படியே ஞாபகத்தில் இருக்கும். நான் அந்த முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கை தட்டினேன். மாமியார் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

கன்று வளர்ந்து பெரிய காளையாகிறது. பார்க்க அத்தனை லட்சணம். ஆனால் உச்சந்தலையில், கொம்புக்கு நடுவே, ரெட்டைச் சுழி. திமிலுக்குப் பின்னால் பெண்டிழந்தான் சுழி. சந்தைக்கு ஓட்டி வருகிறார்கள். ஆள் ஆளாக வந்து ஆசையாகத் தடவுகிறார்கள். துண்டு போட்டு விலை பேசுகிறார்கள். ஒருத்தன் முதுகைத் தடவும்போது சுழி கையில் படுகிறது. துண்டுக்குள்ளிருந்து விரலை உருவிக்கொண்டு ஓடுகிறான். அடுத்த சந்தை, அதே கதை. மாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது மட்டும் அந்தக் காளைக்குப் பேச்சு வரும். பக்கத்தில் கட்டியிருக்கிற கிழட்டு எருது கேட்கும், "ஒன் பொண்டாட்டி எப்படிச் செத்தா?" "காய்ச்சல்." "மொத நாளே வைத்தியரக் கூப்பிட்டிருக்கலாமே?" காளை அசை போட்டுக்கொண்டே சொல்லும், "நடிக்கிறாளாக்கும்னு நெனச்சேன்." எருது தாம்புக்கயிறு இழுக்கிற மட்டும் அந்தாண்டை நகர்ந்து நிற்கும். இது ஒவ்வொரு வாரமும் வரும், எருது மட்டும் மாறும்.

மாட்டுக்காரர்களுக்கு அது பிடித்துப் போனது. சுழி, பல், பேரம் எல்லாம் சரியாக இருந்ததல்லவா, எங்கள் பிழைப்பை யாரோ அச்சு அசலாக வரைந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிக்கொண்டார்கள். தொட்டியம் வாழைக்கொல்லை வரை போய்விட்டது. சந்தையில் எந்த மாடாவது படுத்துக்கொண்டு எழுந்திருக்காவிட்டால் ஒருவன் "நடிக்கிறாளாக்கும்னு நெனச்சேன்" என்பான், பத்துப் பேர் சிரிப்பார்கள். காளை தண்ணீர்த் தொட்டியில் குனிந்து குடிக்கிற மாதிரி ஒரு படம் போட்டிருந்தாள். குனிந்த தலையில் அந்த ரெண்டு சுழியும் நம்மையே பார்க்கும். அதைத்தான் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பிச்சமுத்து வீட்டில் எல்லோரும் வாரம் தவறாமல் படிக்கிறார்கள் என்றும் காதில் விழுந்தது. வரைந்தது மருதை மகள் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. தன் பெயரை அவள் போடவே இல்லை.

ஆனால் கல்யாணப் பேச்சு நிற்கவில்லை. மாட்டுக்குச் சிரித்தார்களே தவிர மாப்பிள்ளையை யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ரெங்கராஜுக்கு அடர்த்தியான முடி. அந்த முடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அந்த நேரத்தில்தான் வசீம் என்று ஒருவன் கடைக்கு வந்தான். கூட வேலை பார்க்கிற நண்பனுக்கு நிச்சயதார்த்தம், ஃப்ளெக்ஸ் வேண்டும் என்று போனில் படத்தைக் காட்டினான். ரெங்கராஜ். எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. இங்கே அடிக்க முடியாது, வேறு கடைக்குப் போங்க என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து இளவேனில் வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"அடிச்சுக் குடுத்துடலாம்ங்க. எங்க வந்து கட்டணும்?" என்றாள்.

வசீம் போன பிறகு நான் அவளைப் பிடித்து உலுக்காத குறைதான். "என்னடி பண்ணப் போற? மாட்டுத் தலைய ஒட்டிடப் போறியா? எங் கடைய இழுத்து மூடிடுவாங்கடி."

"ஒண்ணும் பண்ணல அக்கா. நல்லா அழகா செஞ்சு குடுப்போம்."

சொன்னபடியே அழகாகத்தான் செய்தாள். ரோஜாப்பூ பார்டர், தங்க எழுத்து. அவன் முகத்தில் இருந்த பருத் தழும்பைக்கூட எடுத்துவிட்டாள். அவள் கை அவன் கன்னத்தைத் துடைத்துத் துடைத்து வெள்ளையாக்குவதை ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏண்டி இப்படி?" என்றேன். "அவன் எவ்வளவு அழகா இருக்கானோ அவ்வளவுக்கு அவனப் பத்தி நாளைக்கு ஜாஸ்தி பேசுவாங்க" என்றாள். என்ன திட்டம் வைத்திருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திட்டமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். தேவையும் வரவில்லை. பவுனம்மாளே எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டார்.

பவுனம்மாள் சமயபுரத்தில் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். பிள்ளைக்கு மறுகல்யாணம் கூடி வந்தால் அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று. கல்யாணத்துக்குள் முடி வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு, நிச்சயத்துக்கு ரெண்டு வாரம் முன்னால் அவனை இழுத்துக்கொண்டு போய் மழித்துவிட்டார்.

நிச்சயத்தன்று நானும், எங்கள் கடையில் ஃப்ளெக்ஸ் கட்டுகிற அருள்ராஜும் பிச்சமுத்து வீட்டுக்குப் போனோம். பந்தல் வாசலில் கட்டி முடித்தோம். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிச்சமுத்து பிடித்து உட்கார வைத்தார். எனக்கும் போக மனசில்லை. மாப்பிள்ளை கார் வந்தது. இறங்கினவன் தலையில் தொப்பி. மேலே ஃப்ளெக்ஸில் சுருள் முடியோடு சிரிக்கிறான், கீழே தொப்பியோடு நிற்கிறான். பவுனம்மாள், "பெரியவங்க முன்னாடி என்னடா தொப்பி?" என்று பிடுங்கித் தன் பைக்குள் போட்டார். ஊசி ஊசியாய் முடி முளைத்த தலை வெயிலில் பளபளத்தது.

உள்ளே வந்து ஜமக்காளத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமனார் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கப்பா என்று யாரோ சொன்னார்கள். ரெங்கராஜ் விழுந்தான். பிச்சமுத்து விபூதித் தட்டில் விரலை வைத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவன் உச்சந்தலையில் ரெண்டு சுழி. பக்கத்தில் பக்கத்தில், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். தண்ணீர்த் தொட்டியில் குனிந்த காளை.

வாழ்நாள் முழுக்க மாட்டுத் தலையைப் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? பிச்சமுத்து விபூதியை விட்டுவிட்டு ஒரு விரலால் அந்தச் சுழியைத் தொட்டார்.

"ரெட்டைச் சுழியா தம்பி?"

பவுனம்மாள் பெருமையாக முந்திக்கொண்டார். "ஆமாங்க, பொறந்ததிலேர்ந்தே. ரெண்டு கல்யாணம்னு அப்பவே சொன்னாங்க. பாருங்க, எழுத்து."

கூடத்தில் சலசலப்பு. பின்வரிசையில் ரெண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி போனை எடுத்தாள். பிச்சமுத்து கையை எடுக்கவில்லை. அவனும் எழுந்திருக்க முடியாமல் மண்டி போட்டபடி இருந்தான்.

"அந்தப் புள்ளைக்கு என்னைக்குத் தம்பி காய்ச்சல் வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமைங்க மாமா."

"ஆசுபத்திரிக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"ஏன் தம்பி அவ்வளவு நாளு?"

ரெங்கராஜுக்குக் காமிக்ஸ் படிக்கிற பழக்கம் இல்லை. அதெல்லாம் சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்கிறவன். டாக்டருக்குச் சொன்னதை, விசாரணையில் சொன்னதை, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னதையே இங்கேயும் சொன்னான்.

"நடிக்கிறாளாக்கும்னு நெனச்சேன் மாமா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சந்தையில் அந்த வார்த்தைக்கு விழுந்து விழுந்து சிரித்த ஆட்கள்தான் அத்தனை பேரும். அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்து எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.

உள் அறையிலிருந்து ஆனந்தவள்ளி பட்டுப் புடவையோடு வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "அப்பா, மருதை மக வந்து சொன்னது இதத்தான். எனக்கு இவர் வேணாம்" என்றாள்.

பிச்சமுத்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எந்திரிங்க தம்பி. சாப்பாடு ரெடியா இருக்கு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க. பொண்ணு இல்ல" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பவுனம்மாள்தான் கத்தினார், சாபம் விட்டார், பையிலிருந்து தொப்பியை எடுத்து மகன் தலையில் மாட்டினார். அவர்கள் சாப்பிடாமல் போனார்கள். நான் நன்றாகச் சாப்பிட்டேன். பாயசம் ரெண்டு தடவை வாங்கினேன்.

அந்த ஃப்ளெக்ஸை அருள்ராஜ் அவிழ்க்கப் போனபோது பிச்சமுத்து தடுத்தார். "இருக்கட்டும்ப்பா, கொட்டாய் ஒழுகுது." இப்போது அது அவர் மாட்டுக் கொட்டகையின் கூரைக்கு அடியில் கட்டியிருக்கிறது. படம் உள்பக்கம். பருத் தழும்பு இல்லாத முகத்தோடு ரெங்கராஜ் ராப்பகலாகப் பன்னிரண்டு மாடுகளைக் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அதைப் போட்டோ எடுத்து ஆனந்தவள்ளி இளவேனிலுக்கு அனுப்பினாள். அன்றைக்குத்தான் இளவேனில் சிரித்துப் பார்த்தேன்.

அதன் பிறகு அவனுக்கு எங்கே பெண் கேட்டாலும் கதை முன்னால் போய் நின்றது. ஒரு நாள் காலையில், கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது, மாடு வரையத் தெரிந்த மச்சினியின் வேலைதான் இது என்று யூகித்து, ரெங்கராஜ் நேராக இளவேனிலிடம் வந்தான்.

"அந்தப் படத்த அழி. இல்ல, கோர்ட்டுக்குப் போவேன்."

நான் கல்லாவை விட்டு எழுந்தேன். "எந்தப் படம்ங்க?"

"அந்த மாட்டுப் படம்."

"அதுல ஒங்க பேரு இருக்கா?"

"இல்ல."

"மூஞ்சி?"

"இல்ல."

"மாடுதானங்க இருக்கு? மாட்டுக்கும் ஒங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அது நான்தாங்க!" என்று கத்தினான்.

காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் கொடுக்க வந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனுக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. குரல் இறங்கியது. "போதும் இளவேனி. எல்லாரும் என்னப் பாத்தா... ஆபீஸ்ல மாட்டு மணி வாங்கி என் டேபிள்ல வச்சிருக்கானுங்க. கதைய முடிச்சிடு. அந்த மாட்டக் கொன்னுடு. அதோட விட்ரு."

இளவேனில் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா போன் இன்னும் ஒங்க பீரோவுலதான் இருக்கா?" என்று கேட்டாள். அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரம் கதையில் காளை விற்றது. வாங்கியது ஒரு பெண். தரகர் நேர்மையாகச் சுழியைக் காட்டி எச்சரிக்கிறார். "எனக்கேதுங்க பொண்டாட்டி?" என்று அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முகம் தெரியாது, முதுகும் பின்னலும்தான். அது பவித்ராவின் பின்னல் என்று இளவேனில் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் காளைக்குக் காய்ச்சல் வந்தது. தீவனம் தின்னாமல் தொழுவத்தில் படுத்துக் கிடந்தது. அந்தப் பெண் வாசலில் வந்து நிற்பதோடு பக்கம் முடிந்தது.

ஒரு வாரம் ஊரே அதைப் பற்றிப் பேசியது. நானும் துடித்தேன். "நடிக்குதாக்கும்னு அவளச் சொல்ல விடுடி. வெள்ளிக்கிழமையிலேர்ந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் கெடந்து சாகட்டும்" என்றேன். எனக்கு அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"செத்துட்டா அடுத்த ஜென்மம் எடுத்துடுவான் அக்கா. அதுல எதுவும் ஞாபகம் இருக்காது. இதுலதான் இருக்கு" என்றாள்.

அடுத்த பக்கத்தை அவள் வரைந்ததை நான் பின்னால் நின்று பார்த்தேன். அந்தப் பெண் குனிந்து காளையின் காதைத் தொட்டுப் பார்க்கிறாள். மாட்டுக்காரர்கள் காய்ச்சலைக் காதில்தான் பார்ப்பார்கள். உடனே இடுப்பிலிருந்து போனை எடுக்கிறாள். கடைசிக் கட்டத்தில் வண்டியிலிருந்து மாட்டு டாக்டர் இறங்குகிறார், வாசலில் போட்ட கோலம் இன்னும் கலையவில்லை. காளை அவரைப் பார்த்து வாயைத் திறக்கிறது, 'அம்மா' என்று வருகிறது. கீழே ஒரே ஒரு வரி எழுதினாள்: காய்ச்சல், முதல் நாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது அவள் அந்தப் பக்கத்தை ஃப்ளெக்ஸ் துணியில் பிரிண்ட் போட்டு, சுருட்டி, ரெங்கராஜின் ஸ்ரீரங்கத்து விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதோட முடிஞ்சுதாடி கதை?" என்று கேட்டேன்.

"எங்கேக்கா முடியும்? ஊசி போட்டாச்சு, மாடு எந்திரிச்சு வைக்கோல் திங்குது" என்று சொல்லிவிட்டு, கூரியர் கொடுக்கக் கிளம்பினாள்.